டிரம்லாவின் மரக்கை

நினியன் ஹெப்பர்ன் என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே அது யாரோ மாதிரி இருக்கும். எங்கள் ஸ்காட்லாந்துச் சீமையில் நிலம் வைத்திருப்பவனுக்கு நிலத்தின் பெயர்தான் பெயர். டிரம்லா அவருடைய நிலம், ஆகவே அவரும் டிரம்லா. பெரிய ஜமீன் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு ஓட்ஸ் வயல், ஆடு மேய ஒரு குன்று, மழை பெய்தால் சட்டி வைக்க வேண்டிய ஒரு கல் வீடு, அவ்வளவுதான். “என்கிட்ட இருக்கிறதுலேயே பெருசு என் பேருதான்” என்று அவரே சொல்லுவார்.

தன்னைத்தானே கேலி செய்துகொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்தவன் தள்ளிவிடுவதற்கு முன்னால் தானே விழுந்துவிட்டால் அடி குறைவு என்பது அவர் பட்டாளத்தில் கற்ற பாடம். இளவயதில் ஸ்வீடன் அரசரின் சம்பளத்துக்கு ஜெர்மனியில் சண்டை போட்டவர். வலது கையை மணிக்கட்டோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஊர் அதை வீரத்தழும்பு என்று கொண்டாடியது. அவரோ விருந்துக்கு விருந்து உண்மையைப் போட்டு உடைப்பார்.

“எதிரியும் இல்ல, ஒருத்தனும் இல்ல. பசி. வாத்து ஒண்ணு நீந்திக்கிட்டிருந்துச்சு, சுட்டேன். துப்பாக்கி கையிலேயே வெடிச்சிருச்சு. வாத்து நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் வேற யாரோ அதை அடிச்சுத் தின்னாங்க. எனக்கு ஒரு எலும்புகூடத் தரல.”

ஊர் நம்பவில்லை. இவ்வளவு பெரிய வீரருக்கு இப்படி ஓர் அடக்கமா என்று உருகி, அவரை எடின்பரோ நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தது. உண்மையைச் சொல்லிப் பதவிக்கு வந்த அரசியல்வாதி உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அங்கே அவர் சாதித்ததையும் அவரே சொல்லுவார். சட்டங்களையெல்லாம் பெரிய பிரபுக்கள் உள் அறையில் உட்கார்ந்து சமைத்துக் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் ஆமாம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். இத்தனை வருடத்தில் டிரம்லா எழுந்து பேசியது ஒரே ஒரு தடவை. குளிர்காற்று அடிக்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்றார். அதையும் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தோற்றுப் போனார்.

பேச்சு இல்லாவிட்டாலும் சத்தியம் உண்டு. நாட்டில் காற்று திசை மாறும்போதெல்லாம் ஒரு புது சத்தியம் வரும். முதலில் பிஷப்புகளே வேண்டாம் என்று நாடே தேவாலயங்களில் கூடிக் கை தூக்கிச் சத்தியம் செய்தது. பிறகு இங்கிலாந்துப் படை வந்து உட்கார்ந்தது, அரசரே வேண்டாம் என்று சத்தியம். பிறகு அரசர் திரும்பி வந்தார், கூடவே பிஷப்புகளும் வந்தார்கள். பழைய சத்தியமெல்லாம் ராஜத்துரோகம் என்று இன்னொரு சத்தியம். பதவியில் இருப்பவன் ஒவ்வொன்றையும் செய்தாக வேண்டும். எங்கள் நாட்டில் வேதாகமத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்யும் வழக்கமெல்லாம் கிடையாது. வலது கையை வானத்தைப் பார்க்கத் தூக்க வேண்டும்.

டிரம்லாவும் தூக்கினார். ஜெர்மன் தச்சன் ஒருவன் செய்து கொடுத்த மரக்கை, அதன்மேல் ஒரு தோலுறை. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் தூக்கினார்.

“சத்தியம் பண்ணினது நான் இல்லப்பா, ஒரு ஜெர்மன் மரம்” என்பார் மதுக்கோப்பையோடு. “நரகத்துல எரியணும்னா அதுவே எரியட்டும். நல்லாக் காய்ஞ்ச கட்டை.”

மேசையே குலுங்கிச் சிரிக்கும். எல்லாரும் அதே சத்தியங்களைச் சதையும் ரத்தமுமான கையால் செய்தவர்கள். அவர்களுக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. கதை ஊர் ஊராகப் போனது.

சிரிக்காதவள் ஒருத்திதான். அவர் மனைவி யூஃபேம் ரதர்ஃபோர்ட். நாடே பிஷப்புகளுக்கு எதிராகக் கை தூக்கிய அந்த ஞாயிறு, அவள் கல்யாணமாகாத பெண். அம்மா பக்கத்தில் நின்று அவளும் தூக்கினாள். “மத்தவங்கள்லாம் கையை இறக்கிட்டாங்க, இவ இன்னும் இறக்கல” என்று டிரம்லா கேலி செய்வார். அது கேலியே இல்லை, நடப்பு. பிஷப்புகளை ஏற்க மறுத்த போதகர்களை அரசாங்கம் தேவாலயத்தைவிட்டு விரட்டியபோது அவர்கள் மலைமேல் போய் நின்று பிரசங்கம் செய்தார்கள். யூஃபேம் அவர்கள் பின்னால் போனாள். அரசாங்கம் அனுப்பிய புதுப் போதகர் அவளைப் பொறுத்தவரை கூலிக்காரன். அவர் முகத்தில் விழிக்க மாட்டாள். இயேசு செய்தால் மலைப்பிரசங்கம், எங்கள் போதகர் செய்தால் கலகமா என்று கேட்பாள். ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம்லா குதிரையேறிக் கிழக்கே தேவாலயத்துக்குப் போவார். அவர் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேற்கே சேற்றில் நடப்பாள்.

அதில் சண்டை எதுவும் இல்லை. கணவர் செய்த சத்தியங்களைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். “நீங்க பொய்ச் சத்தியம் பண்ணீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். பொய்யா இருக்கணும்னாகூட முதல்ல அது சத்தியமா இருக்கணுமே” என்றாள். டிரம்லா அதையும் நகைச்சுவைக் கதையாக்கி நாலு வீட்டில் சொன்னார். சொல்லும்போது சிரித்தாலும் உள்ளே சுருக்கென்று இருந்தது.

ஒரு வருடம் பனி கரையும் காலத்தில் குதிரைப்படை மலையைச் சுற்றி வளைத்தது. இளவட்டங்கள் ஓடிவிட்டன. யூஃபேம் அறுபதைத் தொட்டவள். அவளால் ஓட முடியாது, முடிந்திருந்தாலும் ஓடியிருக்க மாட்டாள். வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தாளாம். அவளையும் இன்னும் கொஞ்சம் பேரையும் கெல்லோ நகரச் சிறையில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

விசாரிக்க எடின்பரோவிலிருந்து மூன்று பிரபுக்கள் வந்தார்கள். அவர்கள் விதித்த விதி எளிமையானது. இனி மலைக்குப் போக மாட்டேன், ஊர் தேவாலயத்துக்கே வருவேன் என்று சத்தியம் செய்பவர்கள் வீட்டுக்குப் போகலாம். கல்யாணமான பெண் என்றால் அவள் சார்பில் கணவன் தன் நிலத்தைப் பிணை வைத்துச் சத்தியம் செய்யலாம். இரண்டும் இல்லையென்றால் லீத் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. கடல் தாண்டிப் புகையிலைத் தோட்டத்துக்கு ஏற்றிவிடுவார்கள். திரும்பி வந்தவர் என்று யாரையும் எவரும் பார்த்ததில்லை.

டிரம்லா சிறைக்குப் போனார். நிலத்துக்குக் கீழே இருந்த அறை, சுவரெல்லாம் ஈரம். யூஃபேம் இருமிக்கொண்டே எழுந்து வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். அந்த உடம்பைக் கப்பலில் ஏற்றினால் கரை மறையும் முன்னாலேயே கடலில் போட வேண்டியிருக்கும் என்று பட்டாளத்துக்காரருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

அவர் வழக்கம்போலச் சிரிப்புக் காட்டிப் பார்த்தார். வீட்டில் கஞ்சி அடி பிடிக்கிறது, சேவல்கூட நீ இல்லாமல் தாமதமாகத்தான் கூவுகிறது என்றார். அவள் கேட்டுக்கொண்டாள்.

“ஒரு வார்த்தைதான், யூஃபேம்” என்றார் கடைசியில். “சொல்லிட்டு வா, போயிரலாம்.”

“சொல்லிட்டா அப்புறம் அதைச் செய்யணும்ல” என்றாள் அவள்.

“அப்படி ஒரு சட்டம் இருக்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும்.”

“உங்களுக்கு அது தேவைப்படல, டிரம்லா. வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் இங்க குளிரு அதிகம், உங்க முழங்காலுக்கு ஆகாது.”

சாகப்போகிறவள் அவருடைய முழங்காலுக்குக் கவலைப்பட்டாள். டிரம்லா படி ஏறி வெளியே வந்தார்.

தெருவில் நடக்க நடக்கத் தைரியம் திரும்பியது. அவளுக்குப் பதில் நான் சத்தியம் செய்தால் போயிற்று என்று கணக்குப் போட்டார். இதென்ன புதுசா. மரக்கையைத் தூக்கினால் ஆயிற்று. அவள் வெளியே வருவாள், தேறுவாள். அப்புறம் மலைக்குப் போனால்? அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, மரம் செய்கிற சத்தியத்துக்கு மனிதன் பொறுப்பா? இந்த யோசனையோடு சத்திரத்தில் ஆட்டுக்கறியை ஒரு வெட்டு வெட்டினார். நன்றாகத் தூங்கவும் செய்தார்.

மறுநாள் காலை நகர மண்டபம் நிரம்பி வழிந்தது. மூவரில் நடுவில் இருந்தவர் இன்வர்கார் பிரபு. பருத்த, சிரித்த முகமுள்ள மனிதர். எடின்பரோவில் டிரம்லாவோடு பல மேசைகளில் உட்கார்ந்து குடித்தவர். அவரைப் பார்த்ததும் டிரம்லாவுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. குமாஸ்தா வாசகத்தைப் படித்துக் காட்டினான். டிரம்லா பழக்க தோஷத்தில் தோலுறை போட்ட மரக்கையை மேலே தூக்கினார்.

“கொஞ்சம் இருங்க, டிரம்லா” என்றார் பிரபு. “அது நீங்க இல்லையே. ஜெர்மன் மரம்தானே?”

மண்டபம் சிரித்தது. அந்தக் கதை தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. டிரம்லாவும் சிரித்தார். சொந்தக் கதைக்குச் சிரிக்காவிட்டால் எப்படி?

“இந்தக் கதைய நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா” என்றார் பிரபு. “அதனாலதான் கேக்குறேன். வலிக்கிற கையத் தூக்குங்க.”

சட்டப்படி வலது கைதான் என்று குமாஸ்தா முனகினான். பிரபு அவனைக் கண்ணால் அடக்கினார்.

“பிரபுவே, இது இடது கை” என்றார் டிரம்லா. “இதுக்குச் சத்தியம் பண்ணிப் பழக்கம் இல்ல.”

“அதுதான் எங்களுக்கு வேணும்.”

மறுபடியும் சிரிப்பு. ஆனால் பிரபு அதற்குமேல் சிரிக்கவில்லை, காத்திருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டிரம்லா கத்திக்கொண்டிருந்தது நாற்பது வருடமாக. பாம்பு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

பயந்துபோனார். ஜெர்மனியில் பீரங்கிக்கு முன்னால் நின்றபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. அரசர், பிஷப், நாடாளுமன்றம் என்று அவர் இதுவரை சத்தியம் செய்ததெல்லாம் அவருக்குத் தெரியாத மனிதர்களைப் பற்றி. யூஃபேமை அவருக்குத் தெரியும். அவள் என்ன செய்வாள் என்று சத்தியம் செய்ய அவர் யார்? எங்கள் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் வைத்துக்கொள்வார்கள். ரதர்ஃபோர்ட் என்ற பெயரை மாற்றக்கூட உரிமையில்லாத மனிதர், அவளை மலையிலிருந்து இறக்குவேன் என்று கடவுள்முன் சொல்வதா? செய்யாவிட்டால் கப்பல். செய்தால் முதல்தடவையாக அது சத்தியம். அடுத்த ஞாயிறே அவள் மலைக்குப் போவாள். நிலம் போகும், அதுகூடப் பரவாயில்லை. ஆத்துமாவும் போகும். இப்படி ஒன்று தனக்கு இருப்பதாகவே அவர் அதுவரை கண்டுகொள்ளவில்லை.

அவள் இருமல் காதில் கேட்டது. இடது கை மேலே போனது.

“என் மனைவி யூஃபேம் ரதர்ஃபோர்ட் இனி மலைக்கூட்டத்துக்குப் போக மாட்டாள். ஞாயிறுதோறும் ஊர் தேவாலயத்தில் இருப்பாள். இதற்கு என் நிலத்தையும் என் ஆத்துமாவையும் பிணை வைக்கிறேன்” என்று குமாஸ்தா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஜன்னல் திறந்து கிடந்தது, காற்று அடித்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

யூஃபேமை அன்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். அவளைக் குதிரையில் தனக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தன் மேலங்கியைப் போர்த்திவிட்டு, டிரம்லா வீட்டுக்குக் கிளம்பினார். அவள் முதுகில் சாய்ந்து இருமிக்கொண்டு வந்தாள். எப்படி விட்டார்கள் என்று கேட்கவில்லை, தெரிந்துதான் இருந்தது. மாவு ஆலையைத் தாண்டும்போதுதான் வாய் திறந்தாள்.

“எந்தக் கை?”

டிரம்லா குதிரையை இழுத்துப் பிடித்தார். மரக்கை என்று சொல்லிவிடலாம். அவளும் நம்புவாள், அவருடைய சத்தியக் குப்பையில் இதுவும் ஒன்று என்று தள்ளிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவாள். படைக்காரன் அங்கே காத்திருப்பான். இந்தத் தடவை பிணையும் கிடையாது, கப்பல்தான். உண்மையைச் சொன்னால் அவள் போக மாட்டாளோ என்று ஒரு நப்பாசை. அது மட்டுமா? வாழ்நாளில் ஒரு தடவையாவது தன்னை ஒரு மனிதனாக அவள் எண்ண வேண்டும் என்ற ஆசையும் கூடவே இருந்தது. இரண்டில் எது முந்தியது என்று பிறகு எவ்வளவோ யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

“இடது” என்றார்.

அவள் கை அவர் இடுப்பை இறுகப் பிடித்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று முதுகால் எப்படிப் பார்ப்பது?

வார நாட்களில் அவள் படுக்கையில் இருந்தாள். வேலைக்காரி கொடுத்த ஆட்டுக்கால் சாற்றைக் குடித்தாள், கொஞ்சம் தெளிந்தாள். டிரம்லா வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டிருந்தார். சொல்ல ஆரம்பித்த நகைச்சுவைகள் பாதியில் நின்றன. நிலத்தை இழந்தால் யார் வீட்டுத் தின்னிப்பண்டாரமாக இருக்கலாம் என்று சொந்தக்காரர்களை வரிசைப்படுத்திப் பார்த்தார். அத்தனை பேரிடமும் அவருடைய வாத்துக் கதைக்கு மட்டும்தான் மதிப்பு.

ஞாயிறு வந்தது. யூஃபேம் எழுந்து தலை வாரி, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்து வெளியே நின்றாள். மேற்கே மலை. அவள் அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு குதிரைப் பக்கம் வந்து நின்றாள்.

“ஏத்தி விடுங்க. அவ்வளவு தூரம் இப்ப என்னால நடக்க முடியாது” என்றாள்.

தேவாலயத்தில் அவர்கள் நுழைந்தபோது சபையே கழுத்தைத் திருப்பியது. கூலிக்காரப் போதகருக்கு வாயெல்லாம் பல். வழிதவறிய ஆடு வீடு திரும்பியதைப் பற்றி நீட்டி முழக்கிப் பேசினார். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் டிரம்லாவை முழங்கையால் இடித்துக் கண்ணடித்தார். கடைசியில் பெண்டாட்டியை வழிக்குக் கொண்டுவந்துவிட்டீர் என்று பொருள். யூஃபேம் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் எழுந்து பாடியபோது எழுந்தாள், பாடவில்லை.

பாட்டு முடிந்து நிசப்தமானபோது மேற்குக் காற்றில் வேறொரு பாட்டு வந்தது. மலையில் மறுபடியும் கூடிவிட்டிருந்தார்கள். அதே வேதப்பாட்டு, இன்னும் மெதுவான பழைய மெட்டு. யூஃபேம் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்கடியில் நீர் கசிந்தது. பெற்ற பிள்ளை செத்தபோதுகூட அவர் முன்னால் அழாதவள் அவள்.

டிரம்லாவால் தாங்க முடியவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், பக்கத்தில் இருக்கிறாள், அவர் கேட்டது அவ்வளவும் கிடைத்துவிட்டது. இதற்காகவா கேட்டோம் என்றிருந்தது. அவள் காதருகே குனிந்தார்.

“நீ போ, யூஃபேம். நிலம் போனாப் போகட்டும். நான் பார்த்துக்கிறேன்.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“நீங்க ஒரு சத்தியத்தையாவது காப்பாத்தணும்னு நாப்பது வருஷமா உங்களுக்காக ஜெபம் பண்ணினேன், டிரம்லா” என்றாள் மெதுவாக. “கடைசியில நான் காப்பாத்த வேண்டியதாப் பார்த்துப் பண்ணிட்டு வந்திருக்கீங்க. அதை நான் பொய்யாக்க மாட்டேன். பேசாம உக்காருங்க.”

உட்கார்ந்தார். டிரம்லா தன் வாழ்நாளில் செய்த சத்தியங்களில் நிறைவேறியது அது ஒன்றுதான், நிறைவேற்றியது அவர் இல்லை. யூஃபேம் அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தாள். மழை, பனி, காய்ச்சல் எதுவானாலும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் அந்தத் தேவாலயத்துக்கு வந்தாள். ஒரு நாளும் பாடவில்லை.